ஆன்டிவைரஸ் விண்டோஸின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, 11 கணினிகளை வைத்து எழுதியது. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இடைவெளி, சாய்கோடு, சமக்குறி எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்க வேண்டும்.

சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பில் வைரஸ் என்று இப்போதுதான் அறிவிப்பு வந்தது. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஷட்டவுனும் வேண்டாம். "சுத்தம் செய்து முடிக்க ரீஸ்டார்ட் செய்யவும்" என்று ஆன்டிவைரஸ் கேட்டால் "பிறகு" என்பதை அழுத்துங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்க விண்டோஸ் சாதாரணமாக விடாது. அதனால் பல ஆன்டிவைரஸ்கள் "அடுத்த முறை பூட் ஆகும்போது இதை நீக்கிவிடு" என்று, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் சீட்டு எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கும். செஷன் மேனேஜர் என்ற கிளையில் பெண்டிங்ஃபைல்ரீநேம்ஆபரேஷன்ஸ் என்ற பெயரில் அந்தச் சீட்டு இருக்கும். (அதே இடத்தில் விண்டோஸ் அப்டேட்டும் மற்ற நிரல்களும் எழுதியவையும் இருக்கும், மொத்தமாகத் துடைத்துவிடாதீர்கள்.) கோப்பு ஏற்கெனவே போய்விட்டிருந்தாலும் நினைவகத்தில் ஏறிய பிரதியை வைத்துக் கணினி ஓடிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை வந்த நொடிக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் இடையில் உள்ள நேரம்தான் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. 5 நிமிட வேலை 5 மணி நேர வேலையாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எனவே லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள், பேட்டரி தீர்ந்து அணைவதும் ரீஸ்டார்ட்தான். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் இரவில் தானே ரீஸ்டார்ட் செய்துவிடும். எச்சரிக்கையை மொபைலில் படம் எடுங்கள்: வைரஸின் பெயர், கோப்பின் முழுப் பாதை, ஆன்டிவைரஸின் டெஃபினிஷன் (வைரஸ்களை அடையாளம் காணும் விதிகளின் தொகுப்பு) பதிப்பு எண், நேரம் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். உண்மையான வைரஸாகவும் இருக்கலாம் என்பதால், கீழே உள்ள சோதனைகள் முடியும்வரை நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்து வையுங்கள். முக்கியமான ஆவணங்களை அந்த நேரத்தில் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

தவறான எச்சரிக்கையா, உண்மையான வைரஸா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பாதையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, உண்மையான எஸ்விசிஹோஸ்ட் கோப்பு சிஸ்டம்32-இல் இருக்கும். 64 பிட் விண்டோஸில் இன்னொன்று சிஸ்வாவ்64-இலும் இருக்கும். டவுன்லோட்ஸ், டெம்ப், ஆப்டேட்டா போன்ற இடத்தில் அதே பெயரில் ஒன்று இருந்தால் அது மால்வேர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரெழுத்து இடம் மாறிய பெயர்களும் மால்வேர் எழுதுபவர்களின் பழைய தந்திரம்.

இரண்டாவது, டிஜிட்டல் கையெழுத்து. பலர் இங்கே தவறி விழுகிறார்கள். கோப்பை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, டிஜிட்டல் சிக்னேச்சர் என்ற பக்கமே இல்லை, ஆகவே போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விண்டோஸின் பல கோப்புகளில் கையெழுத்து கோப்புக்குள் இருக்காது. தனியாக ஒரு கேட்டலாக் கோப்பில் இருக்கும். அதனால் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பாதையைக் கொடுங்கள். நிலை "வேலிட்" என்று வந்து, கையெழுத்திட்டவர் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்றிருந்தால் கோப்பின் ஒரு பைட் கூட மாறவில்லை. "ஹேஷ்மிஸ்மேட்ச்" அல்லது "நாட்சைன்டு" என்று வந்தால் எச்சரிக்கையை மதியுங்கள். சாலிட்டி, விருட், ராம்னிட் போன்றவை நல்ல நிரல் கோப்புகளுக்குள்ளேயே தங்கள் குறியீட்டை ஒட்டவைத்தவை. அவை தொட்ட கோப்பின் கையெழுத்து உடைந்துவிடும்.

மூன்றாவது, ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று காட்டும் வைரஸ்டோட்டல் இணையதளம். கோப்பை ஏற்றுவதற்கு முன், அதன் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணை மட்டும் மொபைலிலோ வேறொரு கணினியிலோ தேடிப் பாருங்கள். சர்ட்யூடில் -ஹேஷ்ஃபைல் என்று தட்டி, பாதையையும் கடைசியில் எஸ்ஹெச்ஏ256 என்பதையும் கொடுத்தால் எண் கிடைக்கும். விண்டோஸ் கோப்பு என்றால் அநேகமாக ஏற்கெனவே அங்கே இருக்கும். எழுபது சொச்சம் எஞ்சின்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் சிவப்பு, அதில் ஒன்று உங்களுடையது என்றால் தவறான எச்சரிக்கை என்ற பக்கம் தராசு சாயும்.

நான்காவது, நேரம். டெஃபினிஷன் புதுப்பிக்கப்பட்ட சில நிமிடங்களில், ஒரே அலுவலகத்தில் பல கணினிகளில், ஒரே கோப்பு, ஒரே வைரஸ் பெயர் என்றால் ஆன்டிவைரஸ் மீதே முதல் சந்தேகம் விழ வேண்டும். பெயரில் ஜென், ஹியூர் என்ற துண்டுகள் இருந்தாலோ, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் எம்எல் என்ற எழுத்துகளும் இருந்தாலோ, அது ஊகத்தால் வந்த கணிப்பு. குறிப்பிட்ட ஒரு வைரஸை அடையாளம் கண்டு சொன்னது அல்ல.

கையெழுத்து சரியாக இருக்கிறது. அப்படியானால் கவலையே இல்லை அல்லவா?

வைரஸின் பெயர் "பிஹேவியர்" என்று தொடங்கினால் அவசரப்படாதீர்கள். ரன்டிஎல்எல்32, பவர்ஷெல், சர்ட்யூடில் ஆகியவை மைக்ரோசாஃப்ட்டின் அசல் கோப்புகள். ஆனால் திருடன் நம் வீட்டுக் கடப்பாரையையே எடுத்து நம் பூட்டை உடைப்பது போல, மால்வேர் இவற்றை ஏவி வேலை வாங்கும். ஆன்டிவைரஸ் சொல்வது கோப்பைப் பற்றி அல்ல, அது செய்த காரியத்தைப் பற்றி. அந்தக் கோப்பை ஏவியது எந்த நிரல், என்ன கட்டளையோடு ஏவியது என்பதை எச்சரிக்கையின் விவரப் பக்கத்தில் தேடுங்கள். வேர்டு ஆவணம் ஒன்று பவர்ஷெல்லைத் திறந்தது என்று இருந்தால், கோப்பு அசலானாலும் எச்சரிக்கை உண்மையானது.

நல்ல கோப்பை ஏன் வைரஸ் என்கிறது? இது அடிக்கடி நடப்பதா?

ஒரு வைரஸ் குடும்பத்தின் நூற்றுக்கணக்கான வடிவங்களை ஒரே விதியால் பிடிக்கப் பார்க்கிறார்கள். விதி கொஞ்சம் அகலமானால் நல்ல கோப்பும் வலையில் விழும். வெளியிடும் முன் "சுத்தமான கோப்புகள்" தொகுப்பு ஒன்றின் மீது ஓட்டிப் பார்ப்பார்கள். உலகில் உள்ள விண்டோஸ் பதிப்பு, மொழி, சர்வீஸ் பேக், பேட்ச் சேர்க்கை எல்லாம் அந்தத் தொகுப்பில் இருப்பதில்லை. விபத்துகள் பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கின்றன.

2007 மே மாதம் சைமன்டெக், எளிய சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் நெட்ஏபிஐ32, எல்எஸ்ஏஎஸ்ஆர்வி என்ற இரண்டு டிஎல்எல் கோப்புகளை ஹாக்ஸ்டோர் என்ற பின்கதவு நிரல் என்று எண்ணிவிட்டது. சீனாவில் கணினிகள் பூட் ஆகவில்லை. 2008 நவம்பரில் ஏவிஜி யூசர்32 டிஎல்எல்லைத் தூக்கியது. அதுவும் குறிப்பிட்ட சில மொழிப் பதிப்புகளில்தான். 2010 மார்ச்சில் பிட்டிஃபெண்டர் 64 பிட் விண்டோஸ் கோப்புகளை ட்ரோஜன் என்றது.

அடுத்த மாதமே வந்தது எல்லோரும் நினைவு வைத்திருக்கும் விபத்து. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி வெளியிட்ட 5958 என்ற எண்ணுள்ள டெஃபினிஷன், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இன் எஸ்விசிஹோஸ்ட்டை வெகோர்ல் என்ற வைரஸாகப் பார்த்தது. எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் பல சேவைகளைச் சுமக்கும் வண்டி. அது போனதும் நெட்வொர்க் போயிற்று, கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. நெட்வொர்க் இல்லாததால் திருத்திய டெஃபினிஷனைத் தொலைவிலிருந்து அனுப்பவும் முடியவில்லை; ஒவ்வொரு கணினியாக ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் கடைகள் சிலவற்றைப் பில் போட முடியாமல் மூடினார்கள். எக்ஸ்பியிலேயே அப்போது மிகப் பரவலாக இருந்தது சர்வீஸ் பேக் 3. சோதனையில் விடுபட்டது அபூர்வமான பதிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன் சொந்த அப்டேட் நிரலையே வைரஸ் என்று பிடித்தது. 2015 மார்ச்சில் பாண்டாவும் தன்னையே பிடித்துக்கொண்டது. அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன முதல் வார்த்தை "ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்". 2013 ஏப்ரலில் மால்வேர்பைட்ஸின் தவறான டெஃபினிஷன் சுமார் 8 நிமிடங்களே வெளியில் இருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான கணினிகள் முடங்கின. 2017 ஏப்ரல் 24 அன்று வெப்ரூட் விண்டோஸ் கோப்புகளைக் குவாரண்டைனில் (சந்தேகக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் இடம்) தள்ளியது. மைக்ரோசாஃப்ட்டும் விலக்கல்ல: 2022 செப்டம்பரில் டிஃபெண்டர், குரோம் போன்ற நிரல்களைத் திறக்கும்போதெல்லாம் ஹைவ் என்ற வைரஸ் பெயரைச் சொல்லிக் கூவியது. 2023 ஜனவரி 13 அன்று, ஆஃபீஸ் மேக்ரோக்களைத் தடுக்க வைத்த ஒரு விதி ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருந்த ஷார்ட்கட்களை அழித்தது. நிரல்கள் அப்படியே இருந்தன, வாசல்கள் மட்டும் காணாமல் போயின.

2024-இல் விமான நிலையங்கள் முடங்கினவே, அதுவும் இதுதானா?

இல்லை. அது தவறான எச்சரிக்கை அல்ல. 2024 ஜூலை 19 அன்று இந்திய நேரப்படி காலை 9.39-க்குக் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய 291 எண் சேனல் கோப்பைப் படிக்கப் போன அதன் சொந்த டிரைவர் தடுக்கி விழுந்தது. 20 உள்ளீடுகள் மட்டுமே தரப்பட்ட இடத்தில் 21-ஆவதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டது. டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் ஓடுவதால் விண்டோஸே நீலத் திரையில் விழுந்தது. 78 நிமிடத்தில் திருத்தினார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். இந்தியாவில் இண்டிகோ பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது.

வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், மருந்து நேர் எதிர். அங்கே எந்த விண்டோஸ் கோப்பும் தொலையவில்லை; டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் இருந்த ஒரு கிரவுட்ஸ்ட்ரைக் கோப்பை அழித்தால் போதும். இங்கே தொலைந்ததைத் திரும்ப வைக்க வேண்டும். 2010-இல் மெக்கஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் 2024-இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமைச் செயல் அதிகாரி என்பது இந்தத் துறையில் இன்றும் பேசப்படும் ஒரு தற்செயல்.

குவாரண்டைனில் போன கோப்பை மீட்பது எப்படி?

கணினி இன்னும் ஓடுகிறது, கோப்பு அசல் என்று உறுதி செய்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை முக்கியம்: முதலில் டெஃபினிஷனைப் புதுப்பியுங்கள், பிறகு கோப்பை மீட்டெடுங்கள். வரிசையை மாற்றினால் நீங்கள் வைத்த கோப்பை அது மறுபடி எடுத்துக்கொள்ளும். திருத்திய டெஃபினிஷன் இன்னும் வரவில்லை என்றால், நேரடிப் பாதுகாப்பைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு மீட்டெடுங்கள். டிஃபெண்டரில் அது கொஞ்ச நேரத்தில் தானே மறுபடி இயங்கத் தொடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

டிஃபெண்டரில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதில் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி. குவாரண்டைன் என்று வடிகட்டி, உரிய வரியை விரித்து, ஆக்ஷன்ஸ் பொத்தானில் ரீஸ்டோர். அங்கேயே "அலவ்" என்று இன்னொன்று இருக்கும்; வேறு வழியில்லாவிட்டால் மட்டும் அதைத் தொடுங்கள். அது அந்த வைரஸ் பெயருக்கே அனுமதி தருகிறது. நாளை அதே பெயரில் உண்மையான மால்வேர் வந்தாலும் கதவு திறந்திருக்கும். அழுத்தியே ஆக வேண்டுமானால், வேலை முடிந்ததும் அலவ்டு த்ரெட்ஸ் பட்டியலுக்குப் போய் நீக்கிவிடுங்கள்.

திரை திறக்காவிட்டால் நிர்வாகி உரிமையுள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் உள்ள விண்டோஸ் டிஃபெண்டர் ஃபோல்டருக்குப் போய் எம்பிசிஎம்டிரன் -ரீஸ்டோர் -லிஸ்ட்ஆல் என்று தட்டினால் பட்டியல் வரும். பிறகு எம்பிசிஎம்டிரன் -ரீஸ்டோர் -நேம் என்பதோடு வைரஸ் பெயரைக் கொடுங்கள். புது டெஃபினிஷனில்தான் பிழை என்றால் எம்பிசிஎம்டிரன் -ரிமூவ்டெஃபினிஷன்ஸ் -ஆல் என்று தட்டினால் அதைக் கழற்றிவிட்டு முந்தையதற்குப் போகும்.

சென்னையின் கே7, புணேயின் குவிக் ஹீல் என்று வேறு எதை வைத்திருந்தாலும் குவாரண்டைன் பட்டியலும் ரீஸ்டோர் பொத்தானும் இருக்கும். மெனுவின் இடம்தான் மாறும். குவாரண்டைன் ஃபோல்டரை நேரடியாகத் திறந்து கோப்பை காப்பி செய்துவிடலாம் என்று முயலாதீர்கள். கோப்புகள் அங்கே வேறு வடிவில் குறியாக்கம் செய்து வைக்கப்பட்டிருக்கும். வெளியே எடுக்கும் சாவி அந்த ஆன்டிவைரஸிடம்தான். இதனாலேயே, கோப்பை மீட்பதற்கு முன் ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்வது பெரிய தவறு. பட்டியலோடு கோப்பும் சேர்ந்து போய்விடலாம்.

கணினி பூட்டே ஆகவில்லை. இனி என்ன?

விண்டோஸ் மீட்புச் சூழலுக்குப் போக வேண்டும். விண்டோஸ் சின்னம் தோன்றும்போது பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி அணையுங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால் அடுத்த முறை தானியங்கிப் பழுதுபார்ப்புத் திரை வரும். வராவிட்டால் வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் நிறுவல் ஊடகம் தயாரியுங்கள். பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் என்பதை விட்டுவிட்டு ரிப்பேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட்.

இங்கே முதல் கண்ணி: டிரைவ் எழுத்து. வழக்கமாக சி என்று பார்க்கும் டிரைவ் இங்கே டி-யாகவோ இ-யாகவோ இருக்கலாம். டிர் சி:\விண்டோஸ் என்று தட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் டி, இ என்று நகருங்கள். விண்டோஸ் ஃபோல்டர் எதில் தெரிகிறதோ அதுதான் உங்கள் டிரைவ். விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி கருவியை இனி ஓட்டுங்கள். டிரைவ் டி என்று வைத்துக்கொண்டால்:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=டி:\ /ஆஃப்விண்டிர்=டி:\விண்டோஸ்

பின்னால் உள்ள இரண்டும் இல்லாமல் தட்டினால், அது மீட்புச் சூழலைச் சோதிக்கப் போகும், உங்கள் விண்டோஸை அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது மெதுவாகத்தான் ஓடும். சதவீதம் நகராமல் நின்றது போலத் தெரிந்தால் பொறுத்திருங்கள்.

"கண்டுபிடித்துச் சரிசெய்தோம்" என்று வந்தால், நேராகச் சாதாரண பூட்டுக்குப் போகாதீர்கள். பழைய டெஃபினிஷன் இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது; விழித்ததும் அதே கோப்பை அது மறுபடி விழுங்கும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 5-ஐ அழுத்தினால் நெட்வொர்க்குடன் கூடிய சேஃப் மோட் கிடைக்கும். பெரும்பாலான ஆன்டிவைரஸ்களின் நேரடிக் கண்காணிப்பு அங்கே ஓடாது. அங்கே இருந்தபடி டெஃபினிஷனைப் புதுப்பிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த நிறுவனம் தரும் நீக்கும் கருவியால் ஆன்டிவைரஸைக் கழற்றுங்கள். அதே பட்டியலில் 8 என்பது பூட்டின் தொடக்கத்திலேயே ஏறும் ஆன்டிவைரஸ் டிரைவரை அந்த ஒரு முறைக்கு மட்டும் தடுக்கும். ஆன்டிவைரஸ் முழுவதையும் அது நிறுத்தாது.

நடுவில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது

டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி அது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். நீங்கள் பூட்டவில்லையே என்று தோன்றலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல லேப்டாப்களில் விண்டோஸ் தானாகவே பூட்டியிருக்கும், சாவியையும் அந்தக் கணக்கிலேயே சேமித்திருக்கும். மொபைலில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். பல சாவிகள் இருந்தால், திரையில் தெரியும் அடையாள எண்ணோடு ஒத்துப்போவதை எடுங்கள். அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம் இருக்கும். எங்கேயும் இல்லை என்றால் தரவுக்கு வழி இல்லை. கடைக்காரர் எவரேனும் "உடைத்துத் தருகிறேன்" என்றால் பணம் கொடுக்காதீர்கள். இப்போது கணினி நன்றாக ஓடுகிறது என்றால், மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -கெட் சி: என்று தட்டி, வரும் எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

எஸ்எஃப்சி "சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை" என்கிறது

எஸ்எஃப்சி புதுக் கோப்பை எடுப்பது வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கிலிருந்து. சிஸ்டம்32-இல் நாம் பார்க்கும் பெரும்பாலான கோப்புகள் தனிப் பிரதிகள் அல்ல; கிடங்கில் உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயர்ப் பலகை. ஆன்டிவைரஸ் சிஸ்டம்32-இல் உள்ள பெயரை மட்டும் நீக்கியிருந்தால் கிடங்கில் சரக்கு அப்படியே இருக்கும், எஸ்எஃப்சி நொடியில் திரும்ப வைத்துவிடும். ஆனால் "சுத்தம்" செய்கிறேன் என்று கோப்பின் உள்ளடக்கத்தையே மாற்றியிருந்தால் கிடங்குச் சரக்கும் சேர்ந்து கெட்டிருக்கும். கேட்க விசித்திரமாக இருந்தாலும், நீக்கியதைவிடச் சுத்தம் செய்ததே மோசம்.

அப்போது முதலில் டிஸ்ம் என்ற விண்டோஸ் கருவியால் கிடங்கைச் சரிசெய்ய வேண்டும். விண்டோஸ் ஓடுகிறது, இணையம் இருக்கிறது என்றால்:

டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்

முடிந்ததும் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ். இந்த வரிசைதான், தலைகீழாக அல்ல.

பூட் ஆகாத கணினியில் டிஸ்முக்கு நிறுவல் பென் டிரைவைக் காட்ட வேண்டும். பென் டிரைவ் இ என்றால்:

டிஸ்ம் /இமேஜ்:டி:\ /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த் /சோர்ஸ்:ஈஎஸ்டி:இ:\சோர்சஸ்\இன்ஸ்டால்.ஈஎஸ்டி:1 /லிமிட்ஆக்ஸஸ் /ஸ்க்ராட்ச்டிர்:டி:\ஸ்க்ராட்ச்

மூன்று இடங்களில் இது சறுக்கும். முதலில், இன்ஸ்டால் கோப்பின் வால் ஈஎஸ்டியா, விம்மா என்று பார்த்து, கட்டளையில் இரண்டு இடத்திலும் அதையே எழுதுங்கள். அடுத்து, கடைசியில் உள்ள 1 என்பது ஹோம், ப்ரோ என்ற பதிப்புகளின் வரிசை எண்; டிஸ்ம் /கெட்-விம்இன்ஃபோ /விம்ஃபைல்: என்பதோடு பாதையைக் கொடுத்து உங்கள் பதிப்பின் எண்ணைப் பாருங்கள். இன்னொன்று, மீட்புச் சூழலின் எக்ஸ் டிரைவில் இடம் மிகக் குறைவு. ஸ்க்ராட்ச் ஃபோல்டரை உங்கள் டிரைவில் முன்கூட்டியே உருவாக்கித் தராவிட்டால் பாதியில் நின்றுவிடும். பென் டிரைவில் உள்ள விண்டோஸும் கணினியில் உள்ளதும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எந்தக் கோப்பு சரியாகவில்லை என்று பார்க்க, விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் ஃபோல்டரில் உள்ள சிபிஎஸ் பதிவுக் கோப்பைத் திறந்து, சதுர அடைப்புக்குள் எஸ்ஆர் என்று குறித்த வரிகளைத் தேடுங்கள். விண்டோஸ் ஏதோ ஒருவிதமாக ஓடிக்கொண்டிருந்தால், நிறுவல் ஊடகத்தின் செட்டப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே ஓட்டி, கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வோடு மேலே நிறுவுவதுதான் இறுதி வழி. பல சமயம் ஒவ்வொரு கோப்பாகத் துரத்துவதைவிட இது வேகம்.

பக்கத்துக் கணினியிலிருந்து அந்த ஒரு கோப்பை காப்பி செய்யலாமா? டிஎல்எல் தரும் இணையதளங்கள்?

இணையதளம் வேண்டவே வேண்டாம். தவறான எச்சரிக்கையில் தொடங்கி உண்மையான வைரஸில் முடியும்.

பக்கத்துக் கணினியிலிருந்து என்றால், வின்வெர் தட்டிப் பார்க்கும்போது பில்டு எண் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்வரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாத பேட்ச் வித்தியாசம் இருந்தாலும் நீலத் திரை வரலாம். ஓடும் விண்டோஸில் அந்த ஃபோல்டரின் உரிமையாளர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்பதால் காப்பியும் நடக்காது. மீட்புச் சூழலின் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து செய்யலாம். பூட் ஆக வைப்பதற்கான ஒட்டு வேலையாக மட்டும் இதைச் செய்து, உள்ளே போனதும் டிஸ்ம், எஸ்எஃப்சி இரண்டையும் ஓட்டுங்கள்.

சிஸ்டம்32-ஐ விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால் தொல்லை தீராதா?

தீரும், திருடனுக்கும் சேர்த்து. ஒரு ஃபோல்டரை விலக்கினால் அங்கே வந்து உட்காரும் எதுவும் சோதிக்கப்படாது. எஸ்விசிஹோஸ்ட்டை "ப்ராசஸ்" வகையில் விலக்குவது அதைவிட மோசம்: டிஃபெண்டரில் அப்படிச் செய்தால் அந்த ப்ராசஸ் திறக்கும் கோப்புகளையெல்லாம் நேரடிக் கண்காணிப்பு பார்க்காமல் விடும். விலக்கியே ஆக வேண்டும் என்றால் முழுப் பாதையோடு ஒரே கோப்பை, உங்கள் ஆன்டிவைரஸ் அனுமதித்தால் ஹேஷ் எண்ணை வைத்து விலக்குங்கள். திருத்திய டெஃபினிஷன் வந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

கிராக் செய்த மென்பொருளை வைரஸ் என்கிறது. அதுவும் தவறான எச்சரிக்கைதானே?

"ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்ற குறிப்போடு வரும் எதையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கிராக்கும் கீஜென்னும் மால்வேர் பயணம் செய்யும் பேருந்துகள்.

உண்மையிலேயே பாவப்பட்டவை வேறு: தமிழ்த் தட்டச்சு நிரல்கள் போல விசைப்பலகையை இடைமறித்து வேலை செய்பவை. ஒவ்வொரு விசையையும் கவனிப்பதால், கீலாகர் மாதிரி இருக்கிறதே என்று ஆன்டிவைரஸ் ஐயப்படும். உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய பிரதிதானா என்று பார்த்து, நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

நிறுவனத்துக்குத் தெரிவிப்பது எப்படி?

எல்லா நிறுவனங்களுக்கும் மாதிரிக் கோப்பை அனுப்பும் பக்கம் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் பக்கத்தில் "தவறாக மால்வேர் என்று கண்டறியப்பட்டது" என்ற தேர்வு இருக்கிறது. கோப்பைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பில் அனுப்புங்கள். "இன்ஃபெக்டட்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் தருவது இத்துறையின் வழக்கம். வைரஸ் பெயர், டெஃபினிஷன் எண், ஹேஷ், விண்டோஸ் பில்டு ஆகியவற்றைச் சேர்த்தால் பதில் விரைவாக வரும். "என் கம்ப்யூட்டர் போச்சு" என்று மட்டும் எழுதினால் திரும்பக் கேட்டு ஒரு நாள் போகும்.

20 கணினிகள் உள்ள அலுவலகம். முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

முதலில் ஒரு மாற்றம், இன்றே: கண்டுபிடித்ததும் என்ன செய்வது என்ற அமைப்பை "நீக்கு" என்பதிலிருந்து "குவாரண்டைன்" என்று மாற்றுங்கள். அதன்பின் டெஃபினிஷனை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். இரண்டு கணினிகளை முன்வரிசையில் வையுங்கள். ஒன்று கணக்குப் பிரிவில், இன்னொன்று பழைய விண்டோஸ் பில்டு உள்ளதாக. மற்றவற்றுக்கு 2 முதல் 4 மணி நேரம் கழித்துப் போகட்டும். மேலே பார்த்த தவறான டெஃபினிஷன்களில் சில நிமிடக் கணக்கில் திரும்பப் பெறப்பட்டவை. இந்த இடைவெளியே அவற்றிலிருந்து காப்பாற்றியிருக்கும். ஒரு நாளுக்கு மேல் தாமதிக்க வேண்டாம், அது புது மால்வேருக்குத் தரும் விடுமுறை. மைய நிர்வாகம் உள்ள டிஃபெண்டரில் டெஃபினிஷன் சேனலை "பிராட்" என்று வைத்தால் படிப்படியான வெளியீடு முடிந்த பிறகே உங்களுக்கு வரும்.

ஒரு கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்களின் நேரடிக் கண்காணிப்பு ஓடக் கூடாது. ஒன்றின் குவாரண்டைனை மற்றது வைரஸ் என்று பிடிக்கும் கூத்தெல்லாம் நடக்கும்.

நிறுவல் பென் டிரைவ் ஒன்று, அலுவலகத்தில் ஓடும் அதே விண்டோஸ் பதிப்பில். பிட்லாக்கர் சாவிகள் தாளில். சாவிப் பட்டியலை வைத்திருக்கும் சர்வரே பூட் ஆகாமல் நின்ற அலுவலகங்களை 2024-இல் பார்த்தோம். ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் உதவி எண்ணும் உங்கள் உரிம எண்ணும் அதே தாளில் இருக்கட்டும்.